வீட்டு வேலைக்கு மரம் வாங்குதல்: அளவு, கன அடி, ஈரம், தேர்வு

வாசக்கால் ஒன்று, ஜன்னல்கள் நான்கைந்து, முன்புறம் ஓடு வேய்ந்த தாழ்வாரம் என்ற அளவில் மரவேலை செய்ய நினைப்பவர் மரவாடிக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் "கன அடி என்ன விலை?" என்றுதான் தொடங்குகிறார். விலையைக் கடைசியாகக் கேட்பதே நல்லது. கடைக்காரர் எதை ஒரு கன அடி என்று கணக்கிடுகிறார், இழைப்பதற்கு முன் அளந்ததா பின் அளந்ததா, பட்டையோடு அளந்ததா பட்டை நீக்கி அளந்ததா, மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, அதில் வைரம் (நடுவிலுள்ள முதிர்ந்த, கடினமான மரப்பகுதி) எவ்வளவு என்பவை தெரியாமல் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட முடியாது. கன அடிக்கு 300 ரூபாய் குறைத்துச் சொல்பவரிடம் வாங்கியது முடிவில் அதிக விலையாக அமைவது இதனால்தான். தமிழ்நாட்டின் தட்பவெப்பத்தையும் இங்குள்ள மரவாடிகளின் வழக்கத்தையும் கொண்டு, பட்டியல் எழுதுவதிலிருந்து மரத்தை வீட்டில் அடுக்கிவைப்பது வரை இங்கே விளக்கியிருக்கிறேன்.

பட்டியல் எழுதுதல்

தச்சர் வாய்மொழியாக "பத்துப் பன்னிரண்டு கன அடி ஆகும்" என்று சொல்வதை வைத்துக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு துண்டின் பெயர், அகலம், கனம், நீளம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுத வேண்டும். வாசக்காலின் உயரத்தையும் அகலத்தையும் மனையடி கணக்குப்படி வைக்கும் வழக்கம் உள்ள குடும்பமானால், அந்த அளவை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மரம் அறுத்த பிறகு இரண்டு அங்குலம் கூட்டச் சொன்னால், கால்கள் இரண்டையும் புதிதாக வாங்க நேரும்.

பட்டியலில் எழுதும் அகலமும் கனமும் அறுத்த அளவாக இருக்க வேண்டும். இழைத்து முடிந்த பிறகு நிற்க வேண்டிய அளவை எழுதினால் பிறகு குறையும். ஒரு பக்கத்தை இழைத்துச் சமப்படுத்த ஏறக்குறைய ஒரு நூல் போகும். எட்டு நூல் சேர்ந்தது ஓர் அங்குலம் என்பது தச்சர் கணக்கு. எனவே நான்கு பக்கமும் இழைத்த பிறகு ஒரு 5×4 சட்டம் 4¾×3¾ அளவில் நிற்கும். முடிந்த நிலையில் சரியாக 5×4 வேண்டுமென்றால், அகலத்திலும் கனத்திலும் இரண்டு நூல் கூட்டி அறுக்கச் சொல்ல வேண்டும். அதற்கான விலையும் கூடும். கட்டடப் பொறியாளர் வரைபடத்தில் மில்லிமீட்டரில் தந்திருந்தால், 25.4 மில்லிமீட்டர் ஓர் அங்குலம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 100×75 என்று எழுதியிருப்பது மரவாடியில் நான்குக்கு மூன்று என்று கேட்கும் சட்டம்தான்.

நீளத்தைப் பொறுத்தவரை, கடையில் எந்த நீளங்களில் மரம் கிடக்கிறது என்பதை முன்பே விசாரித்துப் பட்டியலை அதற்கேற்ப அமைப்பது பெரிய மிச்சம். 9 அடிக் கைமரம் (கூரைச் சரிவில் மேலிருந்து கீழாக வைக்கும் சட்டம்) ஒன்பது தேவைப்படும்போது 10 அடி மரங்களை வாங்கினால், ஒவ்வொன்றிலும் ஓர் அடி துண்டாகப் போகும். வாங்கியதில் பத்தில் ஒரு பங்கு அடுப்புக்குத்தான். கடையில் 18 அடி மரம் நேராகக் கிடைத்தால் ஒன்றில் இரண்டு எடுக்கலாம். நீண்ட மரத்துக்கு விலை சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் இரண்டு வழிகளிலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

அறுத்த மரத்தின் கன அடி

அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி வரும். ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் அகலத்துக்கு ஒரு 12, கனத்துக்கு ஒரு 12; இரண்டையும் பெருக்கினால் 144.

வெளி அளவு மூன்றரை அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்ட ஒரு வாசக்காலை எடுத்துக்கொள்வோம். கால்கள் இரண்டும் சேர்ந்து 14 அடி, மேல்கட்டையும் கீழ்ப்படியும் சேர்ந்து 7 அடி, ஆக மொத்தம் 21 அடி. மரம் 5×4 என்றால் 5 × 4 × 21 = 420; 144ஆல் வகுக்க 2.92 கன அடி. இதே சட்டம் கடையிலேயே இழைத்து 4¾×3¾ ஆக நின்றால், உண்மையில் உங்கள் கைக்கு வருவது 2.60 கன அடி. அகலத்திலும் கனத்திலும் இரண்டிரண்டு நூல் குறைந்ததற்கு மொத்தத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைகிறது. கன அடி 4,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு வாசக்காலில் மட்டும் சுமார் 1,275 ரூபாய். இழைத்த மரத்துக்கு அறுத்த அளவைக் கணக்கிடுவது பல கடைகளில் வழக்கம், அது தவறும் அல்ல. அறுவையிலும் இழைப்பிலும் போன மரத்துக்கு அவர்களும் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கடையில் அறுத்த அளவுக்கும் இன்னொரு கடையில் இழைத்த பின் இருக்கும் அளவுக்கும் விலை சொன்னால், அந்த 11 விழுக்காட்டைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கைப்பேசியில் கணக்கிடும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 6 அடி 9 அங்குலத்தை 6.9 என்று தட்டக் கூடாது. 9 அங்குலம் என்பது முக்கால் அடி, எனவே 6.75 என்றே தட்ட வேண்டும். 6 அடி 3 அங்குலம் 6.25 ஆகும். கடையில் நீளத்தை அரை அடிக்கு முழுமைப்படுத்துவார்களா, கால் அடிக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழுமைப்படுத்துவது எப்போதும் மேல்நோக்கியே நடந்தால், இருபது முப்பது துண்டுகள் கொண்ட பட்டியலில் அது பெருந்தொகையாகிவிடும்.

தாழ்வாரத்துக்கு வருவோம். 12 அடி அகலத்தில், சரிவு நீளம் 9 அடி வரும் கூரைக்கு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒன்பது கைமரங்கள் வேண்டும். 4×2 அளவில் ஒன்றுக்கு அரை கன அடி. ஒன்பதுக்கு நாலரை கன அடி. கைமரங்களின் குறுக்கே ஓடு தாங்க அடிக்கும் சிறு சட்டம்தான் ரீப்பர்; அதன் இடைவெளியை ஏட்டுக் கணக்கால் முடிவு செய்யாமல், வாங்கியிருக்கும் ஓட்டையே தரையில் இரண்டு மூன்று வரிசை கோத்துவைத்து அளந்துகொள்ளுங்கள். மங்களூர் ஓட்டில் அது ஏறக்குறைய ஓர் அடியை ஒட்டி வரும், ஆனால் சூளைக்குச் சூளை சிறிது மாறும். பக்கத்துக்கு அரை அடி நீட்டி 13 அடி நீளத்தில் பத்து ரீப்பர் என்றால் 130 அடி. 2×1 அளவில் இது 1.81 கன அடி. ரீப்பரைப் பல இடங்களில் கன அடியில் விற்காமல் ஓட்ட அடிக் கணக்கில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, விற்பார்கள். 2×1 ரீப்பர் 72 அடி சேர்ந்தால் ஒரு கன அடி என்பதை நினைவில் வைத்தால் விலை நியாயமா என்பது உடனே தெரிந்துவிடும். பலகைக்கும் இதுபோல ஒரு சுருக்கம் உண்டு: ஓர் அங்குலப் பலகை 12 சதுர அடியும் ஒன்றரை அங்குலப் பலகை 8 சதுர அடியும் ஒரு கன அடி. முன் உத்தரமும் தூண்களும் எந்தக் கனத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கூரையின் எடையும் தூண்களின் இடைவெளியும் தீர்மானிக்கின்றன. அதைத் தச்சரிடமும் பொறியாளரிடமும் கேட்டே எழுத வேண்டும்.

அரசுக் கிடங்குகளிலும் இறக்குமதி ஆவணங்களிலும் கன மீட்டரே இருக்கும். ஒரு கன மீட்டர் 35.31 கன அடி.

உருட்டு மரத்தை அளத்தல்

சொந்தத் தோட்டத்தில் வெட்டிய வேம்பையோ பலாவையோ அறுக்கக் கொண்டுபோகிறவர்களும், உருட்டு மரமாக வாங்கி அறுத்தால் மலிவு என்று கருதுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு வேறு. மரத்தின் நடுப்பகுதியில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால், கால் சுற்று 12; 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. ஆங்கிலேயர் காலத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் இந்தக் கணக்குக்கு ஹாப்பஸ் அளவு என்று பெயர். உண்மையில் அந்த உருளையின் கொள்ளளவு 12.73 கன அடி. சதுரமாக அறுக்கும்போது கழியும் பக்கப் பலகைகளுக்கும் மரத்தூளுக்குமாக இந்தக் கணக்கு ஏறக்குறைய 21 விழுக்காட்டை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கிறது. ஆகவே உருட்டு மரத்தின் கன மீட்டரை 35.31ஆல் பெருக்கிக் கன அடியாக்கி, அதை ஹாப்பஸ் கன அடி விலையோடு ஒப்பிட்டால் தவறாகிவிடும். உண்மைக் கொள்ளளவில் ஒரு கன மீட்டர் உருட்டு மரம் ஹாப்பஸ் கணக்கில் 27.7 கன அடிதான்.

டேப்பை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலே சொன்ன அதே மரத்துக்கு அடிப்பக்கச் சுற்று 54, நுனிப்பக்கச் சுற்று 42 என்று இருக்கலாம். நடுவில் அளந்தால் 10 கன அடியாக இருப்பது, அடிப்பக்கத்தில் அளந்தால் 12.66 கன அடியாகிவிடும். பட்டையும் அப்படித்தான். அரை அங்குலத் தடிப்புள்ள பட்டையோடு அளந்த 48 அங்குலச் சுற்று, பட்டையை நீக்கினால் 45 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகும். 10 கன அடி 8.73 ஆகக் குறையும். பட்டை உரிக்காத மரமாக இருந்தால், அளக்கும் இடத்தில் மட்டும் ஒரு வளையம் பட்டையைச் செதுக்கிவிட்டு டேப்பைச் சுற்றச் சொல்வது நியாயமான கோரிக்கை. எந்த நல்ல வியாபாரியும் மறுக்கமாட்டார்.

அறுவையிலும் இழப்பு உண்டு. ரம்பம் ஒவ்வொரு இழுப்புக்கும் ஏறக்குறைய ஒரு நூல் மரத்தைத் தூளாக்குகிறது. 12 அங்குலக் கனமுள்ள கட்டையிலிருந்து பன்னிரண்டு ஓர் அங்குலப் பலகைகள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, பத்துதான் வரும். வட்ட ரம்பத்தைவிடப் பட்டை ரம்பத்தில் (நாடாபோல ஓடும் ரம்பம்) தூள் குறைவு, எனவே விலை உயர்ந்த மரத்தை அறுக்கப் பட்டை ரம்பம் உள்ள மில்லைத் தேடுவது தகும். பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி, ஓட்டை, வளைவு ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தால், சிறிய வேலைக்கு உருட்டு மரம் வாங்குவது பெரும்பாலும் இலாபமில்லை என்பதே என் கருத்து. ஒரு வாசக்காலுக்கும் ஆறு ஜன்னலுக்கும் அறுத்துக் காய்ந்த மரத்தையே வாங்குங்கள்.

எந்த மரம்

தேக்கு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அதன் வைரத்தில் எண்ணெய்ப் பசை உள்ளதால் கரையானும் ஈரமும் எளிதில் அணுகுவதில்லை, சுருக்கமும் குறைவு. ஆனால் அந்தப் பெருமை எல்லாம் வைரத்துக்குத்தான். இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதி அகலமாக இருக்கும். அந்த வெள்ளையைக் கரையானும் வண்டும் மற்ற மட்ட மரங்களைத் தின்பது போலவே தின்னும். பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆகவே பர்மா தேக்கு என்று புதிதாக அறுத்துத் தரும்போது அது எப்படி வந்தது என்று கேட்பதும் பில்லைப் பார்ப்பதும் முறை. ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் கானா போன்ற நாடுகளில் வளர்த்த உண்மையான தேக்கும் விற்கப்படுகிறது. தேக்கே அல்லாத இரோக்கோ மரமும் அதே பெயரில் விற்கப்படுகிறது. இரோக்கோ மோசமான மரம் அன்று, ஆனால் தேக்கின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பழைய வீடுகளைப் பிரித்த மரம் காரைக்குடி வட்டாரத்தில் நிறைய விற்பனையாகிறது. ஆணி ஓட்டையும் பழைய பொருத்து வெட்டுகளும் போக மிஞ்சும் நீளத்தை அளந்து விலை பேசினால், நன்கு காய்ந்து அசைவு அடங்கிய மரம் கிடைக்க இதைவிட நல்ல வழி குறைவு.

வேங்கை தேக்கைவிடக் கனமானது, வலுவானது, உழைப்பது. ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும் என்பதால், வெள்ளையடித்த சுவரை ஒட்டிவரும் முகங்களுக்கு முன்பே பிரைமர் அடித்துவிட வேண்டும். வேம்பின் வைரம் பூச்சியைத் தாங்கும், ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும் இயல்புடையது. நன்றாகக் காயவைத்த வேம்பாக இருந்தால் ஜன்னல் சட்டத்துக்குத் தயங்காமல் எடுக்கலாம். பலாவும் பூவரசும் கிடைத்தால் நல்லவை. தைலமரம் வெடிக்கும், திருகும். மா பலகை காங்கிரீட் போடும்போது அடைக்கும் தற்காலிக வேலைக்கு மட்டுமே உரியது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் போரான் மருந்து ஏற்றியதாக இல்லாவிட்டால் வண்டு துளைத்துத் தூளாக்கிவிடும். மருந்து ஏற்றியதையும் வீட்டுக்குள் மட்டுமே வைக்க வேண்டும்.

கைமரத்துக்குப் பனையை மறந்துவிடக் கூடாது. முதிர்ந்த பனையின் வெளிச்சுற்று கருத்த நார்களோடு இரும்புபோல இருக்கும். உட்பகுதி சோறுபோல மென்மையானது. தென்னையும் அவ்வாறே: வெளிப்பகுதியின் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும்போது, நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழே போய்விடும். எனவே பனை, தென்னைச் சட்டங்களை வாங்கும்போது வெட்டுமுனையைப் பார்த்து, கருத்த நார்ப் புள்ளிகள் நெருக்கமாக உள்ள துண்டுகளை மட்டும் எடுங்கள்.

ஈரம்

புதிதாக வெட்டிய மரம் காயத் தொடங்கும்போது முதலில் உட்குழிகளில் உள்ள தண்ணீர் போகிறது. அதுவரை அளவு மாறுவதில்லை. ஈரம் ஏறக்குறைய 25 முதல் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. ஆண்டு வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வளைவும் கோணலும் இந்த வேறுபாட்டால் வருகின்றன. 5 அங்குலச் சட்டம் 5 விழுக்காடு சுருங்கினால் இரண்டு நூல் குறையும். கதவுக்கும் நிலைக்கும் இடையில் வெளிச்சம் தெரிவதற்கு அது போதும்.

நம் ஊரில் நிழலில், கூரையின் கீழ் நெடுநாள் கிடந்த மரத்தின் ஈரம் பெரும்பாலும் 10 முதல் 16 விழுக்காட்டுக்குள் நிற்கும். கடலோரத்தில் மேல் எல்லையை ஒட்டியும், உள்நாட்டுக் கோடையில் கீழ் எல்லையை ஒட்டியும் இருக்கும். வாங்கும் மரமும் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். ஊசி பதிக்கும் ஈரமானி வைத்திருக்கும் தச்சர்கள் இப்போது பலர். ஈரமானி இல்லையென்றால், மரத்தின் முனையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி ஓர் அங்குலத் துண்டு அறுத்து வாங்கி, நகைத் தராசிலோ சமையலறை மின் தராசிலோ எடை போட்டு, ஓவனில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரத்தின் விழுக்காடு. 230 கிராம் 200 கிராமாகக் குறைந்தால் 15 விழுக்காடு. முனையிலேயே துண்டு எடுத்துத் தருவார்கள்; அதை ஏற்கக் கூடாது, முனை எப்போதும் உள்ளே இருப்பதைவிட முன்னதாகக் காய்ந்திருக்கும்.

கடையில் நின்று தேர்தல்

ஒவ்வொரு துண்டையும் தனியாகக் கீழே இறக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து விளிம்பு வழியாக நோக்கினால் வில்வளைவும் திருகலும் தெரியும். பிறகு இரு முனைகளையும் பாருங்கள். மரத்தின் நட்டநடுப் புள்ளி முனையில் தெரிந்தால், அந்தச் சட்டம் காயும்போது அந்தப் புள்ளியிலிருந்து ஒரு முகம் நோக்கி வெடிக்கும். வாசக்காலுக்கு அதை எடுக்க வேண்டாம். முனையில் தெரியும் வெடிப்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்து, அந்த நீளத்தைக் கழித்து அளக்கச் சொல்ல வேண்டும். இறுகிய சிறு கணு கெடுதல் அன்று. கைமரத்தின் கீழ்விளிம்பில் நடுநீளத்தை ஒட்டி வரும் கணு மட்டும் ஆபத்தானது, ஏனெனில் பாரத்தால் இழுவை மிகுவது அங்கேதான்.

வெள்ளைப் பகுதியில் சாயம் பூசி வைரம்போல் காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பேனாக்கத்தியால் விளிம்பில் மெல்லச் சுரண்டினால், பூசிய நிறம் அரை நூல் ஆழத்திலேயே நின்றுவிடும். அடியில் வெளிறிய மரம் தெரியும். தேக்காக இருந்தால் சுரண்டிய இடத்தைத் தொட்டுப் பாருங்கள், விரலில் மெல்லிய எண்ணெய்ப் பசை தெரியும், பதனிட்ட தோலின் வாசனையும் வரும். ஊசி முனை அளவிலான ஓட்டைகளைச் சுற்றி மாவுபோலத் தூள் உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உயிரோடு உள்ளே இருக்கிறது. அந்த அடுக்கையே விட்டுவிடுவது நல்லது.

பில்லில் மரத்தின் பெயர், அறுத்த அளவு, நீளம், எண்ணிக்கை, கன அடி, விலை, வரி எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். "மரம் 12 கன அடி" என்ற ஒற்றை வரிச் சீட்டை ஏற்காதீர்கள். தேர்ந்த துண்டுகளின் முனைகளில் சாக்கட்டியால் உங்கள் குறியைப் போட்டுவிடுங்கள். வண்டியில் ஏறும்போது வேறு துண்டு மாறிவிடாது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் தேக்கானாலும் வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறையின் விதிகள் உண்டு; தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சந்தனத்தின் விதிகள் இன்னும் கடுமையானவை. மரத்தில் கோடரி படுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மரத்தைச் சுவரில் சாய்த்து வைக்கக் கூடாது, வெயிலில் காயவும் போடக் கூடாது. செங்கல் அடுக்கித் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, கூரையின் கீழ், காற்று ஓடும் இடத்தில் படுக்கவைத்து அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் ஓர் அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில் வருமாறு வையுங்கள்; குச்சிகள் விலகியிருந்தால் மரம் அந்த இடத்தில் தொய்ந்து வளைந்தே காயும். முனைகளில் பழைய பெயின்ட்டோ மெழுகோ பூசினால் வெடிப்பு குறையும். வாங்கியது முழுவதும் காய்ந்த மரமே ஆனாலும், வேலை தொடங்குமுன் இரண்டு மூன்று வாரங்கள் அந்த வீட்டின் காற்றிலேயே கிடந்து பழக வேண்டும்.

சுவருக்குள் போகும் முகங்களுக்கும் தரையைத் தொடும் காலடிகளுக்கும் பொருத்துமுன்பே பிரைமரோ தாரோ பூசிவிடுங்கள்; பொருத்திய பிறகு அந்த இடங்களுக்குத் தூரிகை போகாது. வெட்டிய முனைகளே மிகுதியாக ஈரத்தை உறிஞ்சுவதால், அங்கே இரண்டு முறை பூச வேண்டும். கதவைச் சித்திரை, வைகாசியில் மாட்டுவதானால் நிலைக்கும் கதவுக்கும் இடையில் ஒரு நூலுக்குக் குறையாமல் விடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் அந்த இடைவெளி தானாக அடையும். மழைக்காலத்தில் மாட்டுவதானால் நெருக்கமாகவே பொருத்தலாம், கோடையில் அது விலகிக்கொள்ளும். கதவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் பெயின்டர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கதவைக் கீலில் மாட்டுவதற்கு முன், அது படுத்திருக்கும்போதே அந்த இரண்டு விளிம்புகளுக்கும் நீங்கள் நின்று வண்ணம் அடிக்க வையுங்கள்.